நூலுக்குக் கிடைத்த குளிர்ச்சி

பங்குனி மாதத்தில் கோயமுத்தூருக்குப் போக நேர்ந்தது. "கொடுத்து வைத்தவர் ஐயா! அந்த ஊரில் விசிறியே வேண்டாமே!" என்று சென்னை நண்பர் ஒருவர் பொறாமைப்பட்டார். ஆடி மாதமாயிருந்தால் அவர் சொன்னது சரிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, கொடியில் உலர்த்திய வேஷ்டியை அடுத்த வீட்டில் கொண்டு போய்ச் சேர்த்துவிடும். பங்குனியில் மட்டும் அந்தக் காற்று எங்கே போய் ஒளிந்து கொள்கிறதோ, தெரியவில்லை!

நான் தங்கிய வீட்டில் மூன்று அறைகள், மூன்றிலும் ஏ.ஸி. யந்திரங்கள். இரவெல்லாம் அவை உறுமின. காலையில் மின்சாரக் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் உறுமினார். அந்தச் சமயத்தில் எதிர் வீட்டுப் பெரியவர் வந்து சேர்ந்தார். 35 வருஷம் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏனுங்க, காத்தைக் குளிர வைக்கோணும்னாத் தண்ணியை விடச் சுலுவான வழி ஏதுங்க? மில்லுல நாங்க நித்தம் பண்ணுன வேலைதானுங்க அது" என்றார்.

அவர் சொன்னதில் பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது. கோயமுத்தூரின் முதல் பஞ்சாலை 1888-ல் தோன்றியது. 1932-ல் பைகாரா நீர்மின்சாரம் பிறந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆனால் பருத்தி நூலுக்கு ஒரு குணம் உண்டு. காற்று வறண்டால் அது பட்பட்டென்று அறுந்துவிடும். ஆகையால் ஓர் அறையில் தண்ணீரைப் பூந்தூறலாய்த் தெளித்து, அதன் ஊடே பெரிய விசிறிகளால் காற்றைச் செலுத்தி, ஈரமும் குளிர்ச்சியும் ஏற்றி ஆலைக்குள் அனுப்பினார்கள். 'ஏர் கண்டிஷனிங்' என்னும் பெயரை 1906-ல் சூட்டியவரே ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்கப் பஞ்சாலை எஞ்ஜினியர்தான். ஆக, அந்தப் பெயர் மனிதனுடைய சுகத்துக்காகப் பிறந்ததல்ல. நூலின் சௌகரியத்துக்காகப் பிறந்தது!

"நூலுக்குக் குளிர்ச்சிங்க, எங்களுக்கு வேர்வைங்க" என்று பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடுகளுக்கு இப்போது வந்திருக்கும் முறை, ஆலை முறைக்குத் தம்பி முறை ஆகவேண்டும். ஆனால் இதில் தண்ணீரைக் காற்றில் தெளிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு யந்திரம் தண்ணீரைக் குளிர வைக்கிறது. சிறு பம்பு ஒன்று அதைக் குழாய் வழியாக அறைதோறும் அனுப்புகிறது. அறையிலுள்ள பெட்டிக்குள் வளைந்து வளைந்து செல்லும் செப்புக் குழாயின் மேல் விசிறி காற்றை ஊதுகிறது. காற்று குளிர்கிறது; தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு யந்திரத்துக்குத் திரும்புகிறது. அதே தண்ணீர்தான் மீண்டும் மீண்டும் சுற்றுவதால், சிறுவாணிக்கு நம்மால் நஷ்டமில்லை.

தண்ணீருக்கு அப்படி என்ன சாமர்த்தியம்? 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடத்துத் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது விழுங்கும் வெப்பம், 15 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் காற்று முழுவதையும் ஒரு டிகிரி குளிரச் செய்துவிடும். ஆகவே, ஆள் நுழையக்கூடிய காற்றுக் கூண்டு செய்யும் வேலையைக் கைப்பிடியளவுக் குழாய் செய்துவிடுகிறது. விசிறியையும் மெதுவாகச் சுழல விடலாம். வேகத்தைப் பாதியாக்கினால், அது தின்னும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஹைதராபாத்தில் இன்போஸிஸ் கம்பெனியார் 2011-ல் இதற்கு நெருங்கிய பரீட்சை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே கட்டடத்தின் ஒரு பாதிக்குக் குளிர்ந்த காற்றை அனுப்பினார்கள். மறு பாதியில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். நீர் ஓடிய பாதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாயிற்று. உதகமண்டலத்து நேயர்களுக்கும் ஒரு வார்த்தை: அதே பெட்டியில் வெந்நீரை ஓடவிட்டால் கணப்புக்குப் பதிலாகும், புகையும் இல்லை, விறகும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு இன்றே குழாய் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! ஓர் அறை மட்டும் குளிர வேண்டிய வீட்டுக்கு இது வீண் செலவு. குழாய்களுக்கு நல்ல உறை போடாவிட்டால் அவை வியர்த்துச் சுவரைக் கெடுக்கும். பெட்டியின் அடித்தட்டு நீர் வடியும்படி சாய்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். ஏ.ஸி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தாலே ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும்.

மாலையில் பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதற்குச் சுண்ணாம்பு பூசி, ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். 35 வருஷம் நூல் அறாமல் காத்தவருடைய வீட்டில் பகலில் ஒரு நாழிகை உட்கார முடியாது.

இந்த முறையின் பெரிய விசேஷம் ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். ஒரு யந்திரத்தின் குளிர்நீரைப் பத்து வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். கொங்கு நாட்டில் தொழிலாளர் குடியிருப்புகளும் விடுதிகளும் கட்டுகிறவர்கள், சுவர் எழும்பு முன்பே குழாய்க்கு வழி விட்டு வைத்தால் பிறகு இடிக்க வேண்டியிராது. நூலுக்குக் காட்டிய பரிவை, நூற்றவர்களுக்கும் கொஞ்சம் காட்டக்கூடாதா?