முதலில் கரண்ட் குமிழ்

மின்னணு ஆய்வகத்துக்கு வரும் மாணவருக்கு டிசி பவர் சப்ளையின் வோல்டேஜ் குமிழைத்தான் முதலில் காட்டுகிறோம். பக்கத்திலுள்ள கரண்ட் குமிழ் பெரும்பாலும் முழுதாகத் திருகியே கிடக்கிறது. இந்தப் பழக்கம் மாற வேண்டும். 50 மில்லி ஆம்பியர் போதும் என்கிற சர்க்யூட்டில் ஒரு வயர் இடம் மாறினால், 30 வோல்ட், 5 ஆம்பியர் கருவி தன் முழுத் திறனையும் கொட்டிப் பாகங்களைக் கருக்கிவிடும். கரண்ட் குமிழில் வரம்பை 100 மில்லி ஆம்பியருக்கு வைத்திருந்தால், கருவி தானே வோல்டேஜைத் தாழ்த்தி, சிசி (மாறாக் கரண்ட்) விளக்கை எரியவிட்டு எச்சரிக்கும். வரம்பு வைப்பதும் எளிது: சர்க்யூட்டை இணைக்கும் முன், வோல்டேஜைக் குறைத்து, சிவப்பு, கறுப்பு முனைகளை ஷார்ட் செய்து, கரண்டைத் தேவையான அளவுக்குத் திருகி, ஷார்ட்டை எடுத்துவிட வேண்டும். பிறகு வோல்டேஜைத் தேவைக்கு வைத்து, அவுட்புட்டை நிறுத்திவிட்டு சர்க்யூட்டை இணைத்து, கடைசியில்தான் சுவிட்சைப் போட வேண்டும். ஆனால் வரம்பு வைத்தாலும் எல்இடிக்கு ரெசிஸ்டர் கட்டாயம். கருவியின் அவுட்புட் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் வரம்பு செயல்படும் முன்பே பாய்ந்துவிடும். செய்முறைத் தேர்வில் விடைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியர்கள், கரண்ட் வரம்பை வைத்ததற்கும் மதிப்பெண் தரட்டும். பாதுகாப்பும் பாடத்தின் பகுதிதான்.