டிக்கெட் இல்லாத பம்பாய்

2022 தீபாவளிக்கு ஊரிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். “அத்தான், பம்பாயை உயரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்” என்றார். (மும்பை என்று 1995-லேயே மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில்தான் இன்னும் மாறவில்லை.) உடனே என் மகன் செல்போனை எடுத்து ஏதோ ஓர் ஓட்டல் மொட்டைமாடியில் ஏழு பேருக்கு இடம் விசாரித்தான். அவர்கள் சொன்ன தொகைக்கு ஏழு பேரும் ஸ்லீப்பர் வகுப்பில் திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். அதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை எல்லோரையும் சயான் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குன்றின் மேல் கட்டிய கோட்டை. சிதிலமடைந்து கிடக்கிறது. ஆனால் மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் தாராவியின் கூரைகள், அவற்றுக்கு அப்பால் பாந்த்ரா-குர்லாவின் கண்ணாடிக் கட்டடங்கள், கீழே சென்ட்ரல் லைனில் ஓயாமல் ஓடும் மின்ரயில்கள். மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சித்தப்பா இருந்த தொண்ணூறடி ரோடு எது?” என்று கேட்டார். தோல் பதனிடும் வேலைக்கு நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். சுமாராகக் கைகாட்டினேன். தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் முடியும்போது, இந்த இடத்தில் நின்று என் பேரன் எதைக் காட்டுவான் என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி மேலே வரவில்லை. கீழே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால். மாட்டுங்காவில் குடியேறி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த ஸ்டேஷன்தான் சயான். ஏறக்கூடிய வயதில் அவளை ஒரு நாள் கூட அங்கே கூட்டிப் போனதில்லை. டூட்டி, பிள்ளைகள் படிப்பு, சனிக்கிழமை கோயில், மே மாதம் ஊர். நம்மில் பெரும்பாலோர் கதை இதுதான். ஊர் எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து வருபவர்கள் கேட்டால் விரார் லோக்கல் கூட்டத்தைத்தான் சொல்கிறோம்.

நான் ரயில்வேயில் பாலப் பிரிவில் முப்பத்தேழு வருடம் இருந்தவன். 1981-ல் டிப்ளமோவோடு வந்து இறங்கியபோது பரேல், லால்பாக் பக்கம் வானத்தில் தெரிந்தவை மில் புகைபோக்கிகள். 1982-ல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குப் பின் ஒவ்வொன்றாகப் போயின. அந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள். அங்கே வீடு விற்பவன் கடல் தெரிகிற ஜன்னலுக்குத் தனி விலை சொல்கிறான். ஆனால் ஒரு விஷயம். முப்பதாவது மாடியில் இருப்பவனுக்கு அவன் கட்டடம் தெரியாது. நெடிய கட்டடத்தைப் பார்க்க உயரம் வேண்டாம், தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை இங்கே கடல் இலவசமாகத் தந்திருக்கிறது.

அதனால்தான் நான் முதலில் சொல்வது மரைன் டிரைவ். சர்ச்கேட்டில் இறங்கி ஐந்து நிமிடம். ஒரு படி ஏற வேண்டாம், வாசலில் காவலாளி கிடையாது. நரிமன் பாயிண்ட் முனையில் உட்கார்ந்தால் வளைகுடாவுக்கு அக்கரையில் மலபார் ஹில். சௌபாத்தி மணலில் உட்கார்ந்தால் நரிமன் பாயிண்ட் கட்டடங்களின் மேல் மாலை வெயில். சூரியன் மறைந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். விளக்குகள் எரிந்தும் வானம் முழுக்க இருட்டாத அந்த அரைமணி நேரம்தான் விசேஷம். 2015-ல் அந்த விளக்குகளை வெள்ளை எல்.இ.டி.யாக மாற்றியபோது, ராணியின் கழுத்துமாலை களையிழந்துவிட்டது என்று ஊரே சண்டை போட்டது. மழை ஓய்ந்த மறுநாள் போங்கள். டிசம்பர், ஜனவரியில் புகைமூட்டம் பாதியை மறைத்துவிடும்.

இதே வளைவை மேலிருந்து பார்க்க மலபார் ஹில் கமலா நேரு பூங்கா இருக்கிறது. அதன் அருகே 2025 மார்ச்சில் மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை திறந்து ஆளுக்கு 25 ரூபாய் வைத்தார்கள். 25 பெரிய தொகை இல்லை என்பீர்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு, போகவர ரயில் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காட்சிக்குக் கட்டணம் என்று ஒரு இடத்தில் பழகிவிட்டால் அடுத்த இடத்திலும் கவுண்டர் வரும். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

பாந்த்ரா கோட்டையிலிருந்து 2009-ல் திறந்த கடல் பாலத்தைப் பார்க்கலாம். பாலக்காரன் என்ற முறையில் அதன் கம்பிகளை எண்ணிக்கொண்டு நான் அரைநாள் உட்காருவேன். அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில், 200 அடி உயரக் கரும்பாறை. உச்சியில் காவ்தேவி கோயில். சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகளைச் சொல்லாவிட்டால் செம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஒன்றே ஒன்று வேண்டாம்: ரயில்வே நடைமேம்பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது. காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நடப்பதற்குக் கட்டியது, நிற்பதற்கு அல்ல. 2017 செப்டம்பர் 29 காலை எல்பின்ஸ்டன் ரோடு பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் பிரிவில் யாரும் சாப்பிடவில்லை.

நம் சங்கச் செயலாளருக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் லோனாவாலாவுக்குப் பஸ் பேசுகிறோம். இந்த ஆண்டு பருவமழை முடிந்ததும் ஒரு ஞாயிறு மாலை, மூத்தவர்களை மட்டும் மரைன் டிரைவுக்கு அழைத்துப் போகலாம். புளியோதரைப் பொட்டலம் போதும். வழிகாட்ட நான் வருகிறேன். என் மனைவி இப்போதே பெயர் கொடுத்துவிட்டாள்.