புதுக் கிணற்றுக்கு பூட்டு... பழைய கிணற்றுக்கு?

டெல்டாவில் புதுசா எண்ணெய், எரிவாயு கிணறு தோண்டக்கூடாது என்று 2020 பிப்ரவரியிலேயே சட்டம் வந்தாச்சு. மீத்தேன், ஷேல் கேஸ் எல்லாத்துக்கும் சேர்த்துதான் தடை. ஆனாலும் விவசாயிகளுக்கு நிம்மதி முழுசா வரவில்லை. ஏன்?

ஷேல் கேஸ் என்பது ரொம்ப ஆழத்தில் களிப்பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் வாயு. சும்மா குழாய் இறக்கினால் வராது. தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து பலமாக செலுத்தி பாறையை உடைக்கணும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். திரும்பி வருவதோ உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர். மேட்டூர் எப்போ திறக்கும்னு காத்துக் கிடக்கும் கடைமடைக்கு இது கட்டுப்படியாகுமா?

ஆக, தடை நல்லதுதான். ஆனா சட்டத்திலேயே ஒரு ஓட்டை. அது வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளுக்கு தடை கிடையாது.

கதிராமங்கலத்தை மறக்க முடியுமா? 2017 ஜூன் 30-ந்தேதி ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் ஓடியது. மறியல் செய்த ஜனங்கள் மீது தடியடி. அது புதுத் திட்டம் இல்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததுதான்!

எல்லையிலும் சிக்கல். ராமநாதபுரம் இந்த வேளாண் மண்டலத்தில் சேரவில்லை. 2025-ல் அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அதை வாபஸ் வாங்கச் சொன்னது தமிழக அரசு.

பழைய குழாயை கடைசியா எப்போ சோதிச்சாங்க? எந்தக் கிணறு எப்போ மூடப்படும்? இதை அந்தந்த ஊர் கிராம சபையில் சொன்னாலே பாதி பயம் போயிடும். சொல்வார்களா?