பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள்?

குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால் வீட்டில் வரும் முதல் தீர்ப்பு, "வயித்துல பூச்சி இருக்கு!" மறுநாளே பூச்சி மருந்து வாங்கப்படும். ஆனால் பூச்சிதான் காரணம் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. குடற்புழு நீக்குவது நல்லதுதான். 2015 முதல் இந்திய அரசே அதற்கென்று ஒரு நாள் வைத்துப் பள்ளிகளில் மாத்திரை கொடுக்கிறது. அதற்காக அது பல் கடிப்பதற்கு மருந்தாகிவிடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இந்தப் பழக்கம் தானாகவே குறைந்துவிடும்.

வளர்ந்த பிறகும் கடிப்பவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள். 'ப்ரக்சிசம்' எனப்படும் இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது தூக்கத்தில் வருவது. தூக்கம் லேசாகக் கலையும் நொடிகளில் இதயத் துடிப்பு கூடுகிறது, அடுத்து தாடைத் தசை இறுகுகிறது. அதிகமான காபி, மது, சிகரெட், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு.

இரண்டாவது விழித்திருக்கும்போது வருவது. இதில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. கணக்குப் போடும்போது, கம்ப்யூட்டர் முன்னால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது தாடை இறுகிப் போயிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, கடிப்பவருக்கும் தெரியாது!

ஒரு சின்ன சோதனை. இதைப் படிக்கும் இந்த நொடியில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டா இருக்கின்றன? மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடத் தேவையே இல்லை. உதடுகள் மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதுதான் இயல்பு.

காலையில் நெற்றிப்பொட்டில் வலி, தாடை வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்ற சத்தம், பல் கூச்சம்... இவையெல்லாம் இதன் அடையாளங்களாக இருக்கலாம். நம் உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல்தான். ஆனால் உடைந்த எலும்பு கூடும், தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. கொரோனா காலத்தில், 2020-21ல், அமெரிக்கப் பல் மருத்துவர் பலர் பல்லைக் கடிப்பவர்களும் விரிசல் விட்ட பற்களோடு வருபவர்களும் அதிகமாகிவிட்டதாகச் சொன்னார்கள். மனதின் பாரத்தைப் பல் சுமக்கிறது!

பல் மருத்துவர் கொடுக்கும் நைட் கார்டு போட்டால் போதாதா? ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும், விபத்தைத் தடுக்காது. நைட் கார்டும் அப்படித்தான். பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. வலி இருந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் பகலில் கடிப்பதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியது கடிப்பவரேதான். அதற்குக் காசு செலவில்லை. மேஜையிலும் செல்போனிலும் ஒரு பொட்டு ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினால் போதும்.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு வருஷம் படிச்சிரு, அப்புறம் ஜாலிதான்" என்பது ப்ளஸ் டூ மாணவர்கள் எல்லோரும் கேட்டுப் புளித்த அறிவுரை. சொல்பவர்கள் பேச்சுக்குத்தான் சொல்கிறார்கள். உடம்புக்குத்தான் அது புரிவதில்லை, சொன்னதை அப்படியே செய்துவிடுகிறது. படிப்பு முக்கியம்தான். ஆனால் வருஷம் முடிந்ததும் மார்க் ஷீட் கையில் இருக்கும், தேய்ந்த பல் திரும்பி வராது. இனிமேல் அறிவுரை சொல்பவர்கள் பல்லை விட்டுவிட்டு, "நல்லா தூங்கிப் படி" என்று சொல்லிப் பார்க்கலாமே!