மரக்கடையும் பரம்பிக்குளமும்

வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்குக் காமராஜரின் மரக்கடை நாள்களே நினைவுக்கு வருகின்றன. விருதுநகரில் காங்கிரஸ் கூட்டங்களே கதியென்று இருந்த இளைஞரை அரசியலிலிருந்து விலக்கவே, குடும்பத்தார் திருவனந்தபுரத்தில் இருந்த தாய்மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அவரோ அங்கிருந்து வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்.

1954-இல் சென்னை சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 வாக்குகள்; சுப்பிரமணியத்துக்கு 41. முதல்வரான காமராஜர், தோற்றவரையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். கொங்கு வட்டாரத்தை அரவணைக்காமல் மாகாணத்தை ஆள இயலாது என்ற தெளிவான அரசியல் கணக்கும் அதில் இருந்ததாகவே நான் கருதுகிறேன்.

அந்த இணக்கத்தின் பெரும்பயன் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். ஆனைமலையிலிருந்து மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலக்கும் ஆறுகளின் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பிய திட்டம் அது. கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது உடன்பாடு கண்டு, 1961-இல் நேருவைக் கொண்டு திட்டத்தைத் தொடங்கிவைத்தனர். மாறுபட்ட கட்சிகள் என்பது அன்று தடையாகவில்லை.

1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்றும், 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும் என்றும் வகுக்கப்பட்டது. முதல் மறுஆய்வுக்கான 1988 கடந்தது. இரண்டாவதற்கான 2018-உம் கடந்தது. ஆனைமலையாறு - நல்லாறு திட்டம் இன்றும் ஏட்டளவில்தான் இருக்கிறது. பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், தம் முறைக்காகக் காத்திருக்கும் உழவர்களையும் வறண்ட கடைமடை வாய்க்கால்களையும் காங்கேயம் பக்கம் நான் கண்டிருக்கிறேன்.

2019 செப்டம்பரில், வெல்ல வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்த கொங்கு முதல்வர் எடப்பாடி பழனிசாமி, பினராயி விஜயனைச் சந்தித்தார். சந்திப்பு நிகழ்ந்தது அதே திருவனந்தபுரத்தில். இது குறித்துப் பேசக் குழு அமைக்கவும் முடிவானது. நல்ல தொடக்கம், ஆனால், முடிவு மட்டும் எட்டப்படவில்லை.

காமராஜருக்கு விழா எடுக்காத கட்சி இன்று தமிழகத்தில் அரிது. போட்டியாளரோடும் அண்டை மாநிலத்தோடும் அமர்ந்து பேசி முடிவு கண்ட அவருடைய வழியை ஆட்சியில் இருப்போர் கைக்கொள்ளட்டும். அடுத்த மறுஆய்வு ஆண்டான 2048 வரை கடைமடை உழவரால் காத்திருக்க இயலாது.