கேமரா நம்முடையது, சாவி யாரிடம்?

நம் பெண்ணாடம் கடைத்தெருவில் கேமரா வைக்காத கடைகளை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலில் ஒன்று, கிடங்கில் இரண்டு என்று நானும் நான்கு வைத்திருக்கிறேன். 2012-ல் தமிழக அரசு நகர்ப்புறங்களில் பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் கேமரா பொருத்த விதிகள் கொண்டு வந்தது. 2017-க்குப் பிறகு சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று அதை ஓர் இயக்கமாகவே நடத்தி, கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேமரா வைத்தது. அந்தக் காற்று நம் பக்கமும் வீசியது. நல்லதுதான். இறங்கிய மூட்டை எத்தனை, மீதிச் சில்லறை கொடுத்தோமா இல்லையா என்ற வாக்குவாதங்கள் குறைந்திருக்கின்றன.

ஆனால் வணிக அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? அதோடு வந்த புத்தகம் உங்கள் கடையில் இருக்கிறதா? நான் விசாரித்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன பதில், “அது மாட்டின தம்பிக்குத்தான் தெரியும்” என்பது. கல்லாப்பெட்டிச் சாவியை ஆசாரியிடமே விட்டு வைத்திருக்கும் வியாபாரி உண்டா? தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்து அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டி வைக்கிற நாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டியின் புத்தகத்தை அட்டைப் பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுகிறோம்.

பக்கத்து ஊரில் எண்ணெய் வியாபாரி ஒருவர். கிடங்கில் சரக்கு குறைந்தது. பதிவைப் பார்க்கலாம் என்றால், மாட்டிய ஆள் வெளிநாடு போய்விட்டார், போன் கிடைக்கவில்லை. வேறொருவரைத் தேடிப் பிடித்துப் பெட்டியைத் திறப்பதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. திறந்தபோது அந்த இரவின் பதிவே இல்லை. அதன் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது.

ஏன் இல்லை என்பது நம் தொழிலைப் போல வெறும் இருப்புக் கணக்குதான். இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.264 என்ற முறையில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும்படி வைக்கப்பட்டிருந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜி.பி. இடம் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 172 ஜி.பி. அப்படியானால் 1 டி.பி. ஹார்டு டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு புதியது ஏறத் தொடங்கும். 2013-ல் வந்த எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய அதே தெளிவு பாதி இடத்தில் அடங்கும். பதினோரு நாளைத் தாண்டும். பெட்டியில் அந்த வசதி இருந்தும் மாற்றாமலே பல கடைகளில் ஓடுகிறது. அதை எங்கே போய் மாற்றுவது என்பது புத்தகத்தில் இருக்கிறது. பெட்டியின் கடிகாரத்தைச் சரி செய்வதும் அதே புத்தகத்தில்தான். கடிகாரம் நாற்பது நிமிடம் பிந்தினால் பில்லில் உள்ள நேரமும் படத்தில் உள்ள நேரமும் ஒத்துப்போகாது. அந்தப் படத்தைக் காட்டி யாரிடம் வாதாடுவது?

இது நஷ்டக் கணக்கு. மானக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராவின் படங்கள் வெளியே போய் இன்டர்நெட்டில் விற்கப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் வந்து நாட்டையே அதிர வைத்தது. பூட்டு உடைக்கப்படவில்லை, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள் என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. 2016-ல் ‘மிராய்’ என்ற நாசகார நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகம் முழுதும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் பெரிய பெரிய இன்டர்நெட் சேவைகளைப் பல மணி நேரம் முடக்கிப் போட்டார்கள். கடைக்காரர்களின் பெட்டிகளும் அந்தப் படையில் ஆள் ஆகியிருக்கும், முதலாளிகளுக்கே தெரிந்திருக்காது. நம் கடைக்கு வருகிற தாய்மார்களும், கல்லாவில் நாம் எண்ணுகிற பணமும் அந்தக் கேமராவில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

புத்தகம் தொலைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் மாடல் எண், சீரியல் எண் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டால் மேனுவல் இலவசமாகக் கிடைக்கும். எழுத்து ஒன்று மாறினாலும் வேறு பெட்டியின் புத்தகம் வந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துப் போட வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலம்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இருநூறு பக்கமும் நமக்கு வேண்டாம்: பாஸ்வேர்டு, கடிகாரம், பதிவு நாட்கள், பென்டிரைவில் எடுப்பது, இவ்வளவு போதும். வெளியூரில் இருந்து போனில் பார்க்க வசதி செய்கிறேன் என்று ரவுட்டரில் வழி திறந்து விட்டிருந்தால், அது எந்த வழி, இன்னும் வேண்டுமா என்று கேட்டு மூடச் சொல்லுங்கள்.

பெயரே இல்லாத கம்பெனிப் பெட்டிக்குப் புத்தகமும் கிடையாது, இணையதளமும் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று அதை வாங்குவது, பில் இல்லாத சரக்கை இறக்குவது போன்றது. கேமராக்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிதாக வாங்குவோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமும் இப்போது நம்மிடம் இதைக் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, கேமராப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும். அந்தப் படிவத்தில் பதிவுப் பெட்டியின் கம்பெனி, மாடல், நிறம், சீரியல் எண் எல்லாம் எழுத வேண்டும். ‘அ’ பகுதியில் பதிவைக் கொடுக்கிறவர் கையெழுத்திட வேண்டும், ‘ஆ’ பகுதியில் நிபுணர். கையெழுத்துப் போடும் நாம் அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எப்படிப் போடுவது?

மாட்டுகிற தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் ஏணி ஏறி ஒயர் இழுக்கிறவர்கள். நாம் கேட்காததால் அவர்கள் கொடுக்கவில்லை, அவ்வளவே. இனிக் கேட்போம். பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன் பில், புத்தகம், நம் கையால் மாற்றிய பாஸ்வேர்டு மூன்றும் நம்மிடம் வந்தாக வேண்டும். சங்கமும் ஒன்று செய்யலாம். விருத்தாசலம், திட்டக்குடி சங்கங்களோடு கலந்து பேசி, நம் கடைகளில் அதிகம் உள்ள நான்கைந்து மாடல்களுக்குத் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். என் கடைப் பெட்டிக்கான குறிப்பைப் பேரனை வைத்து எழுதி, பேரேடு வைக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதே மாடல் வைத்திருப்பவர்கள் வந்தால் படி எடுத்துக்கொள்ளலாம்.