உள்ளம் விடாத குடி



ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்ததும் நம் ஊர்களில் ஒரு புதுமையைக் காண்கிறோம். நாள் தவறாது சாராயக் கடை வாயிலில் நின்றவர், கருப்புடை உடுத்துக் கழுத்தில் மாலையிட்டு, 41 நாள்கள் அப்பக்கமே திரும்பாதிருக்கிறார். சபரிமலை சென்று மீண்டு மாலையைக் கழற்றினாரோ இல்லையோ, அன்றிரவே பழைய கடை, பழைய கூட்டாளிகள், பழைய தள்ளாட்டம்! சமயச் சடங்குகளில் நமக்கு உடன்பாடில்லை என்பது இவ்விதழைப் படிப்பார் அறிந்ததே. ஆயினும் இதில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 'என்னால் விட முடியாது' என்று மனைவி மக்களிடம் ஆண்டெல்லாம் சொல்லி வந்தவரால் 41 நாள் எவ்வாறு விட முடிந்தது? அவர் உள்ளம் இசைந்தது. பின் ஏன் வீழ்ந்தார்? இசைந்தது அத்தனை நாளுக்கு மட்டுமே. நோன்பு தொடங்கும்போதே முடியும் நாளையும் எண்ணி வைத்திருந்தார். அவர் குடியை விடவில்லை, ஒத்திவைத்தார்.

2020-இல் கொரோனாத் தொற்றால் கடைகள் மூடப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. ஆறு கிழமை அடைபட்டிருந்த கடைகள் மே 7-ஆம் நாள் திறந்ததும், கொளுத்தும் வெயிலில் நீண்ட வரிசைகள் நின்றதை நாடே கண்டது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தும் இழிவு ஒழிய வேண்டும் என்னும் நம் கோரிக்கையில் எள்ளளவும் மாற்றமில்லை. ஆனால் கடைக்கதவைப் பூட்டியதும் நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட முடியாது.

ஈண்டு ஒரு பிழைபட்ட கருத்தையும் களைந்தாக வேண்டும். 'உறுதி இருந்தால் போதும், மருத்துவம் எதற்கு?' என்று மேடையில் முழங்குவார் உளர். நம் மேடைகளிலும் இக்குரல் கேட்டதுண்டு. இது கொலைக்கு ஒப்பான அறிவுரை! பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடுமென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைக் கண்டு உளறுவாரும் உண்டு, உயிரும் போகலாம். அஃது உறுதிக் குறைவன்று. மூளையும் நரம்பும் குடிக்குப் பழகியதன் விளைவு. அத்தகையாரை அறையில் பூட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளத்தின் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. அது ஆண்டுக்கணக்கில் நீள்வது.

அவ்வேலையை நாமே கெடுக்கிறோம். நாட்டுரிமை உடையானைக் குறிக்கும் 'குடிமகன்' என்னும் உயர்ந்த சொல்லைக் கடைவாயிலில் விழுந்து கிடப்பவனுக்குப் பெயராக்கி நகைக்கிறோம். ஒரு நல்ல சொல்லையும் இழந்தோம். ஒரு மாந்தனையும் அப்பெயருக்குள் அடைத்தோம். 'நான் குடிகாரன்தானே' என்று தன்னை முடிவுகட்டிக்கொண்டவனுக்கு விடும் எண்ணம் எங்கிருந்து வரும்?

1935-இல் அமெரிக்காவின் ஆக்கிரன் நகரில், குடியை விட்டுச் சில திங்களே ஆன பில் வில்சன் என்பார், வந்த தொழில் கைகூடாமல் விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். அருகிலேயே குடிக்கூடம். அவர் அங்குப் போகவில்லை. தம்மைப் போல் குடியால் நைந்த ஒருவரைத் தேடிச் சென்று பேசினார். அவரைத் திருத்துவதற்கன்று, தாம் வீழாதிருப்பதற்கே! அவ்வொருவர் இராபர்ட்டு சிமித்து என்னும் மருத்துவர். அவரோ, சில கிழமைக்குள் மீண்டும் ஒருமுறை குடித்து வீழ்ந்தார். ஆனால் அவ்வாண்டு சூன் 10-க்குப் பின்னர் 1950-இல் இறக்கும்வரை தொடவில்லை. அவ்விருவர் பேச்சிலிருந்து எழுந்த குழுக்கள் இன்று தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. அவர்கள் இறைவனை முன்னிறுத்துவது நமக்கு ஒவ்வாதுதான். எனினும், வாழ்நாள் சூளுரை கேளாமல் இன்று ஒருநாள் குடியாதிருக்கச் சொல்லும் நுட்பத்தை ஏற்கிறோம்.

நம் இயக்கத்திலும் ஓராண்டு குடியாதிருந்து, ஒரு திருமண வீட்டில் வீழ்ந்த தோழர் ஒருவர் உளர். நாணத்தால் ஐந்து திங்களாகக் கூட்டத்திற்கு வரவில்லை. ஓராண்டு உழைப்பும் பாழாயிற்றென அவர் எண்ணினார். நம்மில் சிலரும் அவ்வாறே பேசினர். ஓராண்டு இருந்தவர் மீண்டும் இருக்க வல்லார் என்று அவரிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. சென்ற ஞாயிறன்று தோழர் இருவர் அவர் வீடு தேடிச் சென்றனர். அடுத்த கூட்டத்திற்கான துண்டறிக்கையைப் பிழை திருத்தும் பணி, முன்போல் அவரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.